சாரதாவின் சடை

அக்கா, அந்தக் கூடையில் இருப்பது பூடில் நாய்க்குட்டிதானே? பயப்படாதீர்கள், கண்டக்டரிடம் சொல்ல மாட்டேன். துண்டை மட்டும் கொஞ்சம் விலக்கிவிடுங்கள், மூச்சு விடட்டும். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. காங்கேயத்தில் ஏறியதிலிருந்து நீங்களே பார்த்திருப்பீர்கள், இந்த ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாகத்தான் வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பேங்கில் நேர்முகத் தேர்வு. இருந்தாலும் பூடிலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பூடிலால்தான் எனக்கு இருந்த வேலை போயிற்று.

கடித்துவிட்டதா என்றா கேட்கிறீர்கள்? ஐயோ, அது கடிக்கிற இனமே இல்லை. எதற்கெடுத்தாலும் குரைக்கிற இனமும் இல்லை. ஆளைப் பார்க்கும். நம் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு இவள் கோபமாக இருக்கிறாளா, நன்றாக இருக்கிறாளா என்று கண்டுபிடித்துவிடும். ஒருமுறை காட்டினால் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். அவ்வளவு புத்தி. புத்தி இருப்பதால்தான் அதற்குக் கஷ்டமும். தனியாக விட்டால் மனசு விட்டுப் போய்விடும்.

முடி கொட்டாது என்று சொல்லித்தானே உங்களுக்கு விற்றார்கள்? உண்மைதான், தரையில் கொட்டாது. கொட்ட வேண்டிய முடி எங்கே போகும்? பக்கத்து முடியிலேயே சுற்றிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். தினமும் சீப்பு வைக்க வேண்டும். மேலாகத் தடவினால் போதாது, பிரித்துப் பிரித்துத் தோல் வரைக்கும் போக வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே சிக்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் சிக்கு இறுகிவிடும். காதுக்குள் ஈரம் நிற்கக் கூடாது. இதெல்லாம் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கல்லூரியில் எங்களுக்குக் கரப்பான்பூச்சி உண்டு, மண்புழு உண்டு, பூடில் கிடையாது. ஆனால் விலங்கியல் என்றால் எல்லா விலங்கும் தெரியும் என்று சென்னியப்பன் ஐயா வீட்டில் நினைத்துவிட்டார்கள்.

சென்னியப்பன் ஐயா என்றால் ஆயில் மில் முதலாளி. ஒரு பச்சைப் பாட்டிலில், முழங்கால் வரைக்கும் ஜடை போட்ட ஓர் அம்மா திரும்பிப் பார்க்கிற மாதிரி படம் இருக்குமே, அந்தக் கூந்தல் தைலம் அவர்களுடையதுதான். படத்தில் இருப்பது ஐயாவின் மனைவி பூங்கோதையம்மா. நடிகை எல்லாம் இல்லை. அத்தனையும் நிஜ முடி. என் அப்பா அவர்கள் களத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிறவர். நான் டிகிரி முடித்ததும் அந்த அம்மாவே கூப்பிட்டு, "நவீனா, எங்கயும் அலையாத கண்ணு, நம்ம ஆபீசுலயே பில்லு போடு" என்று வேலை கொடுத்தார்கள். அதனால் அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகள் மிதுனா. பெங்களூரில் வேலை பார்க்கும்போது ஒரு பூடிலை வாங்கி வளர்த்தாள். பிறகு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் நாயைக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் பறந்துவிட்டாள். கார் கதவு திறந்து அது இறங்கிய காட்சியை மில்லில் இருந்த யாரும் மறக்க முடியாது. உங்கள் குட்டி சின்ன ரகம். அது பெரிய ரகம், என் இடுப்பு உயரம் இருக்கும். நிறம் அப்படியே தேங்காய் நார். முகத்தையும் பாதத்தையும் மழுமழுவென்று சிரைத்து, தலையில் ஒரு கொண்டை விட்டு, கால் மூட்டுக்கு ஒரு பந்து, வால் நுனியில் ஒரு பந்து. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தரை சுடுகிற மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது.

"ஏனுங்க, இது ஆடுங்களா நாயிங்களா?" என்று களத்துப் பெண்கள் கேட்டார்கள்.

டிரைவர் மயில்சாமி அண்ணன், "நாய்தானுங்க. சலூன்ல பாதி வேலை நடக்கறப்பவே எந்திரிச்சு வந்துருச்சாட்டமிருக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வெட்டுக்குக் காரணம் உண்டு. அது அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் தண்ணீரில் இறக்கிவிட்ட நாய். சுட்ட பறவையை நீந்திப்போய்க் கவ்விக்கொண்டு வரும். நனைந்த முடி பாரமாக இழுக்கக் கூடாதென்று உடம்பில் வெட்டிவிட்டு, குளிர் தாக்காமல் மூட்டுக்கும் நெஞ்சுக்கும் மட்டும் விட்டுவைப்பார்கள். அன்றைக்கு ராத்திரியே படித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

பெயர் சார்லட். அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. சாரதா என்று கூப்பிட்டார்கள். அதுவும் இரண்டாம் நாளே சாரதாவுக்குத் திரும்பிப் பார்த்தது. நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. "நீதான் படிச்சிருக்கியல்லோ" என்றார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காலையில் சீப்பு, மத்தியானம் பில்.

தப்பு எங்கே தொடங்கியது என்றால், எண்ணெயில்தான். அந்த வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தலை இருக்கக் கூடாது. "நம்ம ஊட்டுல இருந்துக்கிட்டு வறட்டுத் தலையோட திரிஞ்சா, நம்ம எண்ணெய யாரு வாங்குவா?" என்று சொல்லி, அம்மா சாரதாவுக்கும் தலையிலிருந்து வால் வரைக்கும் தைலத்தை ஊற்றித் தேய்த்து, சீயக்காய் போட்டு, சாம்பிராணியும் காட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் சாரதா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "பாரு, பொம்பளப் புள்ளைகளுக்கு வர்ற வெக்கம்" என்றார்கள் அம்மா.

எண்ணெய், சீயக்காய்த் தூள், புகை, அதற்கு மேல் தண்ணீர். நான் சீப்பு வைத்தால் பல் உடைந்தது. காதுக்குப் பின்னால் ஒரு கட்டி, கழுத்தில் ஒரு கட்டி, பிறகு அக்குளில். வைகாசி முடிவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து கயிறு கயிறாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. அதைக் கண்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சடை விழுந்திருக்குது!" உங்கள் பக்கமும் உண்டல்லவா, சடை விழுந்தால் ஆத்தா இறங்கியிருக்கிறாள், கத்தி வைக்கக் கூடாது என்பார்களே. கத்தி மட்டுமில்லை, இனிமேல் சீப்பும் வைக்காதே என்று என்னிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

சரி, அதோடு நின்றிருக்கும். ஆனால் பாருங்கள், அந்த வருஷம் மில்லில் தண்ணீர் இல்லை. போட்ட போர் எல்லாம் புழுதியாக வந்தது. சாரதாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. களத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் போய் உருண்டு புரண்டு முதுகைத் தேய்த்துக்கொள்ளும். தினமும் அதே இடம். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள், "இங்க போடுங்க" என்றார்கள். ஐயாவும் வேறு வழியில்லாமல் போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தது அக்கா. களத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த நாய்க்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எனக்குத் தெரியும், அது அரிப்பு. ஆனால் தண்ணீர் வந்தது, அதுவும் உண்மை. அரிப்புக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமானால் வேறு இடத்திலும் போர் போட்டுப் பார்க்க வேண்டும். அது என் கையில் இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே போர் போடலாம், எந்த வரனைப் பார்க்கலாம் என்று எல்லாவற்றுக்கும். மிதுனா சாரதாவுக்குக் கை கொடுக்கப் பழக்கியிருந்தாள். எதிரில் யாராவது குனிந்தால் முன்னங்காலைத் தூக்கி நீட்டும். குனிந்தவர்கள் தலையில் போய் அந்தக் கால் உட்காரும். ஆசீர்வாதம்! ஆளுக்கொரு பிஸ்கட்டும் கிடைத்ததா, அதுவும் விடாமல் ஆசீர்வாதம் செய்தது. வருகிறவர்களுக்கு ஐயா வாசலிலேயே தைலம் விற்றார்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் நிறைய. அதில் ஒரு வாத்தியார், "அம்மா, இது வெறும் சிக்குங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா நேராக என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். "இங்க படிச்ச புள்ள இருக்குது. நவீனா, நீ சொல்லு கண்ணு. இது சிக்கா, சடையா?"

ஒரு பக்கம் அம்மா. ஒரு பக்கம் அப்பா, கூட்டத்தில் பின்னால் நிற்கிறார். பொய் சொல்லவும் எனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே வராது. யோசித்து, "அம்மா, எங்கள் பாடத்தில் சிக்கும் இல்லை, சடையும் இல்லை" என்றேன்.

உண்மைதானே? எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். "பாத்தீங்களா, படிப்புக்கே எட்டாத சங்கதி" என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பொய்யும் சொல்லவில்லை, யார் மனதையும் நோகடிக்கவும் இல்லை. அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு நிம்மதி. இன்றைக்கு இன்டர்வியூவிலும் அப்படி ஒரு பதில் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வருகிறேன்.

சாரதா அப்போதே சரியில்லை. நான் கழுத்துப் பக்கம் தொட்டால் தலையை இழுத்துக்கொள்ளும். ஒருநாள் சடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அடியில் தோல் சிவந்து, நீர் வடிந்து, வாடை வந்தது. மெதுவாக மூடிவிட்டேன். மாரியம்மனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று அம்மா மாதிரி நினைத்து மூடவில்லை. நான் அறிவியல் படித்தவள். பார்த்ததை மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அது சாப்பாட்டை விட்டது. கை கொடுப்பதை விட்டது. பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அம்மாவும் சாப்பிடவில்லை. மிதுனா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, உடனே எல்லாத்தையும் வழிச்சுருங்கம்மா" என்று அழுதாள். அம்மா உள்ளேயும் வெளியேயும் நடந்தார்கள். கடைசியில், ஆத்தாகிட்டயே பூக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து எடுப்பது. வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது.

அக்கா, ஜன்னல் பக்கம் பாருங்கள். அதோ போகிறதே, பி.ஏ.பி. பாசன வாய்க்கால். இதே வாய்க்கால்தான், இன்னும் கொஞ்சம் கிழக்கே. கரையிலேயே கோயில். அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், கரை தொட்டு ஓடியது.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அம்மா சாரதாவின் தலையைத் தடவினார்கள். "சரி வா சாமி, போலாம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாரதா தண்ணீரைப் பார்த்தது. நான்தான் சங்கிலியைப் பிடித்திருந்தேன். அது அப்படி இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உடம்பெல்லாம் எரிகிறது, பிறவியிலேயே தண்ணீர் நாய். ஒரே பாய்ச்சல். வாய்க்காலுக்குள்.

முதலில் நீந்தியது. தலையைத் தூக்கிக்கொண்டு, எவ்வளவு அழகாக! அப்புறம் சடை ஊறியது. நனைந்த கயிற்றுச் சுருளைக் கட்டிவிட்ட மாதிரி பின்பக்கம் அப்படியே உள்ளே போனது. மயில்சாமி அண்ணன் பேன்ட் சட்டையோடு குதித்தார். "தலை வருதுங்க, ஒடம்பு வர மாட்டேங்குதுங்க!" என்று கத்தினார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். கிடந்தது அக்கா. கழுத்துச் சடை இறுகி, நாக்கு வெளியே வந்து நீலமாக இருந்தது. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

என் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. கல்லூரியில் அறுவைப் பெட்டியோடு வாங்கியது, எப்போதும் வைத்திருப்பேன். எடுத்தேன். பூசாரி குறுக்கே வந்தார். "வேண்டாமுங்க. செவப்பு வந்திருக்குது."

அம்மா என்னைப் பார்த்து, "நவீனா, வெட்டுனா பொழைக்குமா?" என்றார்கள்.

"வெட்டினால் மூச்சு விடும், அம்மா." கேட்டார்கள், சொன்னேன்.

அம்மா எழுந்து கோயிலைப் பார்த்து நின்றார்கள். முதுகில் கிடந்த ஜடையை முன்னால் இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். "ஆத்தா, உனக்கு முடிதான வேணும்? என்றத எடுத்துக்க. மொத்தமா எடுத்துக்க. இவள உட்டுரு."

ஐயா பதறிப்போய், "ஏய் கோதை, என்ன பேச்சுப் பேசற? லேபிள்ல இருக்கறதே..." என்றார்.

"லேபிள மாத்திக்கலாமுங்க. வெட்டு புள்ள!"

வெட்டினேன். என் கத்தரிக்கோல் சின்னது, மயில்சாமி அண்ணன் தேங்காய் அரிகிற கத்தியைக் கொண்டுவந்து கழுத்துப் பக்கம் அறுத்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஒரே துண்டாக வந்தது. சாரதா இருமியது. தண்ணீர் கக்கியது. பிறகு மூச்சு. எல்லோரும் சாமி சாமி என்று கும்பிட்டார்கள். கத்தரிக்கோல் என்னுடையது. அதை இன்று வரைக்கும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அம்மா மட்டும் கும்பிடவில்லை. அவர்கள் அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்குள், வயிறு, கழுத்து எல்லாம் புண். "இது எப்ப இருந்து கண்ணு?" என்றார்கள்.

"ஆடியிலிருந்து அம்மா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா."

"ஏஞ்சாமி சொல்லுல?"

"நீங்கள் சிக்கா சடையா என்றுதானே அம்மா கேட்டீர்கள். தோலைப் பற்றிக் கேட்கவில்லையே."

திட்டவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து அந்த நாயின் மேல் போர்த்தினார்கள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள்: "நாளையிலருந்து நீ ஆபீசுக்கு வர வேண்டாங் கண்ணு. பேங்குப் பரீட்சைக்குப் படி. அங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். உனக்குச் செரியா இருக்கும்."

நியாயமா அக்கா? எண்ணெய் ஊற்றியது யார்? சீப்பைப் பிடுங்கி வைத்தது யார்? நான் ஒரு பொய் சொன்னேனா? அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை, அவர் இன்னும் களத்துக்குப் போகிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன கடைசி வார்த்தை ஆசீர்வாதமா வேறெதுவுமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆசீர்வாதம் என்றே வைத்துக்கொண்டேன்.

சாரதா பிழைத்துக்கொண்டது. மொட்டையாக வெள்ளாட்டுக் குட்டி மாதிரி நின்றது. அம்மாவும் சொன்னபடி அதே ஆத்தா கோயிலுக்குப் போய் முடியிறக்கிவிட்டு வந்தார்கள். இப்போது போனால் பார்க்கலாம், மில் வாசலில் நாற்காலி போட்டு, வளர்ந்தும் வளராத தலையோடு அம்மா உட்கார்ந்து, தினமும் காலையில் அவர்கள் கையாலேயே சாரதாவுக்குச் சீப்பு வைக்கிறார்கள். எண்ணெய் கிடையாது. ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? ஆத்தா அம்மாவின் முடியைக் கேட்கத்தான் நாயின் மேல் சடையாக இறங்கினாளாம். சிவப்புப் பூவுக்கு அதுதான் அர்த்தமாம். பூசாரியே சொல்கிறார். லேபிளில் ஐயா பழைய படத்தையே வைத்திருக்கிறார். விற்பனை கூடியிருக்கிறது.

வெட்டிய சடையா? அம்மா வாய்க்காலில் விடச் சொன்னார்கள். விடுவதற்குள் கரையில் நின்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மஞ்சள் துணியில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் கொண்டுபோனால் போன காரியம் நடக்கிறதாம். இதோ, ஃபைல் உறையில் பாருங்கள். இது ஒரு மாதிரிக்காக நான் எடுத்து வைத்தது. நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று. மஞ்சள் துணி, சும்மா கையில் கிடைத்த துணி.

இல்லை அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள், கையில் தர முடியாது. கைமாறினால் போய்விடும் என்று சொல்கிறார்கள். நான் அப்படி நம்புகிறேன் என்றில்லை. இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

சிங்காநல்லூர் வந்துவிட்டது. நான் இறங்குகிறேன். குட்டிக்கு ஊசி போடத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், போட்டதும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். என்ன, காதுக்குப் பின்னால் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறதா? ஆமாம், சிக்குத்தான். தோல்கூடக் கொஞ்சம் சிவந்திருக்கிறது. துண்டை விலக்கியபோதே பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லையே.